முடிந்த நேரம்

படிவத்தில் முதல் கட்டம்: தொடங்கிய நேரம்.
பத்து முப்பத்தொன்பது. அதில் குழப்பமில்லை.
விறாந்தைக் கடிகாரம் கண்ணுக்கு நேரே இருந்தது,
அவன் பற்கள் என் முன்கையில் இருந்தபோது.

வினிபெக்கில் அன்று சைபருக்குக் கீழே முப்பத்து நாலு.
மூன்றாம் நாளாக வெளியே இடைவேளை இல்லை.
இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு வகுப்பறை,
ஒரேயொரு சதுரங்கப் பலகை.
அதிலும் ராணி தொலைந்து
பசைக்குப்பியின் மூடிதான் ராணி.
ரென்சோ அந்த மூடியைக் கேட்டான்.
யாரோ சிரித்தார்கள்.
வெறும் சொக்ஸோடு ஓடினான்,
பனிக்கு நேரே திறக்கும் கதவுக்கு.

இரண்டாம் கட்டம்: உடனடி ஆபத்து என்ன?
மூன்று வரி விட்டிருக்கிறார்கள்.
கதவின் இரும்புத் தண்டில் நெற்றியை மோதினான், பல முறை.
அந்தச் சத்தத்துக்குத் தேங்காய் என்று ஒரு சொல் வந்தது.
வெட்டினேன். படிவத்தில் உவமை எழுதக் கூடாது.

அதற்கு முன் என்னென்ன செய்து பார்த்தீர்கள்?
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தள்ளி நின்றேன்.
விளக்கை அணைத்தேன்.
நீல மெத்தையைத் தலைக்கும் தண்டுக்கும் நடுவே பிடித்தேன்;
மெத்தையை விட்டுச் சுவருக்குப் போனான்.
அதன் பிறகே கை வைத்தோம்.
நானும் டானிக்காவும், உட்கார்ந்தபடி.
நெஞ்சில் கை இல்லை, முதுகில் பாரம் இல்லை,
முகம் தரையைப் பார்க்கவில்லை.
பயிற்சியில் சொன்ன எதுவும் பிசகவில்லை.
ஒவ்வொன்றாக எழுத எழுத
எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

கடைசிக் கட்டம்: முடிந்த நேரம்.

"நாற்பத்து மூன்று," என்றாள் டானிக்கா.
சரிதான். அப்போதுதான் விட்டோம்.
நாலு நிமிடம். யாரும் கேள்வி கேட்காத நாலு நிமிடம்.

ஆனால் நாற்பத்திரண்டிலேயே
அவன் தோள் இறங்கிவிட்டது.
சண்டை வடிந்த உடம்பு எப்படிக் கனக்கும் என்று
என் கைக்குத் தெரியும்.
ஒழுகிய மூக்கை என் சட்டைக் கையில் துடைத்து,
"சரி மிஸ்" என்றான்.
இன்னொரு தடவையும் சொன்னான்.
நான் விடவில்லை.

அந்த ஒரு நிமிடம் அவனுக்காகப் பிடித்ததல்ல.
எனக்கு நடுங்கியது. நடுக்கம் தெரியாமலிருக்க
எதையாவது பிடிக்க வேண்டியிருந்தது.
கிடைத்தது ஒரு ஒன்பது வயது.

எதிரே பழைய அறை.
'அமைதி அறை' என்று பெயர்ப்பலகை தொங்கிய அறை.
போன வருடம் வெளித்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள்.
இப்போது உள்ளே கடதாசிப் பெட்டிகள், காற்றுப்போன பந்துகள்.
கதவில் நாலு திருகாணித் துளைகள்,
பெயின்ட் அடித்தும் மூடாதவை.
கூட்டத்துக்குக் கூட்டம் அந்தத் தாழ்ப்பாளுக்காகக் கத்தினவள் நான்.
கழற்றினால் போதுமென்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கே வீட்டுக்குச் சொல்ல வேண்டும், அது விதி.
மரிவிக்குக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை, பகல் தூக்கம்.
ஆறாவது மணிக்கு எடுத்தாள்.
நெற்றி வீக்கம், ஐஸ், நேர்ஸ் பார்த்தது,
எல்லாம் கேட்டாள்.
"எங்கள் இடத்தில்
ஒரு கிழவரின் கையைக் கட்டிலோடு கட்டுவதென்றால்
டாக்டர் கையெழுத்து வேண்டும்.
கட்டின பிறகு நான் பக்கத்தை விட்டு நகரக் கூடாது.
அதனால் கேட்கிறேன், கோபிக்காதே.
அவன் அடங்கின பிறகு எவ்வளவு நேரம் பிடித்திருந்தாய்?"

ஒரு நிமிடம், என்றேன்.

அந்தப் பக்கம் உடுப்பு உலர்த்தும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.
பிறகு, "அதையும் எழுதினாயா?"

முடிந்த நேரம்: 10:43.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், சின்ன எழுத்தில்
முடிந்திருக்க வேண்டிய நேரம்: 10:42.
டானிக்கா வாசித்தாள்.
என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் போட்டாள்.

மறுநாள் சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
பலகையை விரித்து
மூடியை அவன் பக்கத்தில் வைத்தேன்.
எடுத்துக்கொண்டான்.
எடுத்துக்கொண்டு, என்னிடமிருந்து
ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்தான்.